‘ட்ரிபியுலேஷன்’ என்றால் என்ன? வகுப்பில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

காட்பாடியில் சாயங்கால வேளையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போக நினைப்பவர்கள் என்று கலந்துதான் வருவார்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது யாராவது இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொன்னதை இந்த முறை எழுதிவிட்டேன்.

டீச்சர், ஒரே வரியில் சொல்லுங்கள். ட்ரிபியுலேஷன் என்றால் என்ன?

பெருந்துன்பம். ஆனால் ‘துன்பம்’ என்று மட்டும் எழுதிக்கொண்டால் பாதிதான் வந்து சேரும். ‘படாத பாடு பட்டேன்’ என்று நம் வீட்டில் சொல்கிறோமே, அந்தப் ‘பாடு’தான் இதற்குக் கிட்டே வருகிற சொல். ஒரு நாள் தலைவலி ட்ரிபியுலேஷன் ஆகாது. நாள்கணக்கில், மாசக்கணக்கில் ஒருவரைப் போட்டு அழுத்துகிற கஷ்டமாக இருக்க வேண்டும். அது பெயர்ச்சொல். பேச்சில் குறைவாகவும் எழுத்தில் அதிகமாகவும் வரும்.

உச்சரிப்பு? எழுத்து?

ட்ரி-பியு-லே-ஷன். நான்கு அசை. அழுத்தம் ‘லே’யில். நம் பிள்ளைகள் முதல் அசையில் அழுத்துகிறார்கள், அதனால் கேட்பவருக்கு ‘ட்ரிபியூனல்’ என்று விழுகிறது. எழுத்து: டி, ஆர், ஐ, பி, யு, எல், ஏ, டி, ஐ, ஓ, என். மொத்தம் பதினொன்று. ‘பி’க்குப் பிறகு வருவது ‘யு’. அங்கே ‘இ’ போட்டுத் தப்பு விடுபவர்கள் நிறைய.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள்.

இலத்தீனில் ‘ட்ரிபுலம்’ என்று ஒரு விவசாயக் கருவி. தடித்த பலகைகளை ஒன்றோடொன்று சேர்த்து, முன்பக்கத்தைச் சற்றே மேல்நோக்கி வளைத்து, அடிப்பக்கம் முழுக்கக் கூரான கற்சில்லுகளையோ இரும்புப் பற்களையோ பதித்திருப்பார்கள். களத்தில் கதிரைப் பரப்பி, இந்தப் பலகையை மாட்டில் பூட்டி, மேலே ஓட்டுபவன் ஏறி நிற்பான், இல்லாவிட்டால் பாரம் வைப்பார்கள். மாடு வட்டமாகச் சுற்றும். பலகைப் பற்கள் கதிரைக் கிழித்து, தாளை நறுக்கி, மணியைப் பிரித்து எடுக்கும். ரோமாபுரி எழுத்தாளர் வார்ரோ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இதை விவரித்திருக்கிறார். ஸ்பெயினிலும் துருக்கியிலும் 20-ஆம் நூற்றாண்டு வரைக்கும் இது புழக்கத்தில் இருந்தது.

அந்தக் கருவியின் பெயரிலிருந்து ‘போட்டு அழுத்து, நசுக்கு’ என்கிற வினைச்சொல் பிறந்தது. பிற்பாடு இலத்தீனில் எழுதிய கிறிஸ்தவர்கள் மனுஷன் படுகிற பாட்டுக்கு அதையே எடுத்துக்கொண்டார்கள். பழைய பிரெஞ்சு வழியாக 13-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது.

அப்படியானால் ட்ரிபியுலேஷன் என்றால் போரடி, அதாவது கதிரை மிதித்து மணி உதிர்ப்பது. களத்தில் கிடக்கிற கதிர் நாம்.

இதைச் சொன்ன அன்றைக்குக் கடைசி வரிசையிலிருந்து ஒருவன், “அப்போ உங்க கிளாஸும் ட்ரிபியுலேஷன்தான் டீச்சர், செம போர் அடிக்குது” என்றான். வகுப்பே சிரித்தது. நானும்தான். அவன் தெரிந்து சொன்னானோ தெரியாமல் சொன்னானோ, ‘போர்’ என்கிற ஒரே சத்தத்தில் நம்மிடம் நான்கு சொல் இருக்கிறது. வைக்கோல் போர், சண்டைப் போர், சலிப்பாகப் போர் அடிப்பது, தண்ணீருக்குப் போர் போடுவது. கடைசி இரண்டும் இங்கிலீஷ்காரன் கொடுத்தவை. முதலாவது நம் களத்துமேட்டுச் சொந்தம்.

நம் பக்கம் அந்த மாதிரிப் பற்பலகை இருந்ததா?

நான் பார்த்ததில்லை. அணைக்கட்டு என்கிற ஊருக்குப் பக்கத்தில், என் தாத்தா ஊரில் நெல்லைக் கைப்பிடியாகக் கல்லில் அடித்து உதிர்த்துவிட்டு, மிச்ச மணிக்காகத் தாளைப் பரப்பி மாடுகளைப் பிணைத்து மிதிக்க விடுவார்கள். பலகையும் இல்லை, பல்லும் இல்லை, குளம்புதான். கேழ்வரகுக்கு மாடு இழுக்கிற உருட்டுக்கல். மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, இந்த வேலையே கிடையாது. செடியைப் பிடுங்கி, பெண்கள் உட்கார்ந்து ஆய்ந்தால் முடிந்தது.

களத்தில் நடுவே கிடக்கிற தாளைக் கோலால் புரட்டிக்கொடுப்பது எங்கள் வேலை. மாடு சாணி போடப் போகிறது என்று தெரிந்தால் ஓடிப்போய் வைக்கோலில் ஏந்த வேண்டும், நெல்லில் விழக் கூடாது. வாயே இல்லாமல் மிதிபடுகிற கதிரைப் பற்றி அப்போது யோசித்ததில்லை. மாட்டைப் பார்த்துத்தான் பாவம் என்று நினைத்தேன்.

இப்போது கழனிக்கே மெஷின் வந்து அறுத்து அடித்து மூட்டையாக்கிவிட்டுப் போகிறது. கேழ்வரகையும் கொள்ளையும் தார் ரோட்டில் பரப்பி, போகிற வருகிற வண்டி ஏறட்டும் என்று விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பைக்கில் வருபவர்களுக்கு அது வழுக்கும், பார்த்து ஓட்டுங்கள். வகுப்பில் நான் அதைத்தான் காட்டுவேன்: பஸ் சக்கரம்தான் இன்றைய ட்ரிபுலம்.

தமிழ் பைபிளில் வருகிற ‘உபத்திரவம்’ இதுதானா?

ஆமாம். வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் சர்ச்சுக்குப் போகிற பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ‘உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு, ஆனாலும் திடன்கொள்ளுங்கள்’ என்கிற யோவான் 16:33 வசனத்தில், 1611-இல் வந்த ஆங்கில பைபிள் ட்ரிபியுலேஷன் என்றுதான் எழுதியிருக்கிறது. ‘உபத்திரவம் பொறுமையையும்’ என்று ரோமர் 5-ஆம் அதிகாரத்தில் வருமே, அங்கேயும் அதே சொல். புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் அந்த இடங்களில் ‘ட்ரபிள்’, ‘சஃபரிங்’ என்று எளிய சொற்கள் வந்துவிட்டன. ஆகவே பழைய பைபிள் மணம் இந்தச் சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலம் பேசுபவர் காதிலும் அது அப்படித்தான் விழும்.

மூலம் கிரேக்கம். அங்கே ‘த்லிப்ஸிஸ்’ என்று ஒரு சொல், நெருக்குவது, அழுத்துவது என்று பொருள். நம் ‘நெருக்கடி’யும் அதே வழியில் பிறந்ததுதானே? சங்கீதத்தில் ‘நெருக்கத்திலிருந்து கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டேன்’ என்று வரும். கஷ்டத்துக்கு எல்லா ஊர்க்காரனும் இடம் போதாமையைத்தான் நினைத்திருக்கிறான். ‘ஆங்குவிஷ்’ என்கிற ஆங்கிலச் சொல்லும் குறுகலைக் குறிக்கிற இலத்தீனிலிருந்து வந்ததுதான்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. பேச்சுத் தமிழில் ‘உபத்திரவம்’ இறங்கிப்போய்விட்டது. ‘உபகாரம் செய்யாவிட்டாலும் உபத்திரவம் செய்யாமல் இரு’ என்கிறோம். கொசு உபத்திரவம் என்கிறோம். அந்த உபத்திரவம் ஆங்கிலத்தில் ‘நியூசன்ஸ்’. ‘மஸ்கிட்டோ ட்ரிபியுலேஷன்’ என்று ஒரு பெண் எழுதிக்கொண்டு வந்தாள். அகராதிப்படி அவள் பேரில் தப்பில்லை, தமிழ்ச் சொல் இரண்டு மாடியில் குடியிருக்கிறது என்பதை அகராதி அவளுக்குச் சொல்லவில்லை. பைபிளில் வந்தால் ட்ரிபியுலேஷன், கொசுவுக்கு வந்தால் நியூசன்ஸ்.

‘ட்ரையல்ஸ் அண்ட் ட்ரிபியுலேஷன்ஸ்’ என்று சேர்த்தே வருகிறதே, ஏன்?

நாம் ‘சோதனையும் வேதனையும்’ என்று சொல்வதில்லையா, அதே மாதிரி இரட்டை. காதுக்கு இனிமையாக ஒலிக்கும், அதனால் ஒட்டிக்கொண்டது. ட்ரையல் என்றால் சோதனை. ‘கடவுளே, இது என்ன சோதனை’ என்கிற சோதனை. கோர்ட்டில் நடக்கிற விசாரணையும் ட்ரையல்தான், ஆனால் இந்தத் தொடரில் அந்தப் பொருள் இல்லை. இன்றைக்கு ட்ரிபியுலேஷன் தனியாக வருவதைவிட இப்படி ஜோடியாக, பன்மையில் வருவதுதான் அதிகம்.

தப்பு விடுகிற இடம்: ‘ட்ரையல்’ என்பதை ‘ட்ரெயில்’ என்று எழுதிவிடுவது. டி, ஆர், ஐ, ஏ, எல் என்றால் சோதனை. ஐ-யும் ஏ-யும் இடம் மாறினால் அது மலையேறுகிற ஒற்றையடிப் பாதை. ஏலகிரிக்கு டூர் போனவன் அதை எழுதினால் சரி.

ஹார்ட்ஷிப், அட்வெர்சிட்டி, ஆர்டீல் எல்லாம் ஒன்றுதானே? எதை எங்கே போடுவது?

ஒன்றில்லை. வகுப்பில் நம் ஊரை வைத்தே சொல்வேன்.

‘ஹார்ட்ஷிப்’ என்பது இல்லாமை, பற்றாக்குறை. குடியாத்தத்தில் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டே இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிற அம்மாவின் வாழ்க்கை ஹார்ட்ஷிப். பணம், உணவு, தண்ணீர், இடம் என்று எதுவோ ஒன்று குறைவாக இருக்கும்.

‘அட்வெர்சிட்டி’ என்றால் எதிராகத் திரும்பிய காலம். காற்று எதிரில் அடிப்பது மாதிரி. நிலைமையைச் சொல்லும், நிகழ்ச்சியை அல்ல. ‘இன் அட்வெர்சிட்டி’ என்று பொதுப்படையாக எழுதலாம். மேடைப் பேச்சுக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும், எனக்கு அவ்வளவாக இல்லை.

‘ஆர்டீல்’ ஒரு குறிப்பிட்ட நேரத்தில் தொடங்கி ஒரு நேரத்தில் முடிகிற கொடுமை. வங்காளத்திலிருந்து வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களைக் காட்பாடி ஜங்ஷனில் பாருங்கள். ஒன்றரை, இரண்டு நாள் ரயில், மொழி தெரியாத ஊர், கையில் ஒரு கட்டு எக்ஸ்ரே. அந்தப் பயணம் ஆர்டீல். ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் நெருப்பையும் நீரையும் வைத்து ஒருவன் குற்றவாளியா என்று பார்த்த தீர்ப்பு முறையின் பெயர். சீதை தீயில் இறங்கினாளே, அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமென்றால் இதைவிடச் சரியான சொல் கிடையாது.

‘கலாமிட்டி’ ஊரோடு வருவது. வருஷம் முழுக்க மணல் காட்டிக்கொண்டு கிடந்த பாலாறு 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதே, அது கரையோரத்தில் இருந்தவர்களுக்குக் கலாமிட்டி. தண்ணீர் வடிந்த பிறகு பட்டது ஹார்ட்ஷிப்.

‘விசிசிட்யூட்ஸ்’ ஏற்ற இறக்கம். இதில் நல்லதும் உண்டு. நம் வேலூர்க் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். விஜயநகரம் கட்டியது, பீஜப்பூர் பிடித்தது, மராட்டியர் பிடித்தனர், ஆற்காட்டு நவாப் கைக்குப் போய் ஆங்கிலேயரிடம் வந்தது. 1806 ஜூலை 10-ஆம் தேதி சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தது இதற்குள்ளேதான். ‘ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு’ என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். அதில் கோயிலுக்கு 1981-இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். இந்தக் கதை மொத்தத்துக்கும் பெயர் விசிசிட்யூட்ஸ்.

சரி, ட்ரிபியுலேஷனுக்கு? அதற்கும் கோட்டையிலேயே ஆள் இருக்கிறார். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன். 1815-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, குடும்பத்தோடு வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, இங்கேயே காவலில் இருந்து 1832-இல் இறந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது. ஒரு நாளில் முடியாதது, பசியும் அல்ல, வெள்ளமும் அல்ல, வருஷக்கணக்காக ஒரு மனுஷனைச் சுற்றிச் சுற்றி மிதித்தது. ‘தி ட்ரிபியுலேஷன்ஸ் ஆஃப் ஆன் எக்ஸைல்ட் கிங்’ என்று எழுதினால் உட்கார வேண்டிய இடத்தில் உட்காரும்.

திருக்குறளில் இதற்கு இணை இருக்கிறதா?

‘இடுக்கண்’. 63-ஆம் அதிகாரமே ‘இடுக்கண் அழியாமை’. ‘இடுக்கண் வருங்கால் நகுக’ எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது அதற்கு மூன்று குறள் தள்ளி இருப்பது, 624. ‘மடுத்தவா யெல்லாம் பகடன்னான்’ என்று தொடங்கும். பள்ளம், சேறு, மேடு என்று தடுத்த இடத்திலெல்லாம் மூச்சுப் பிடித்து வண்டியை இழுத்துப்போகிற எருது மாதிரி ஒருவன் இருந்தால், அவனுக்கு வந்த துன்பமே துன்பப்படும் என்கிறார் வள்ளுவர்.

இரண்டு படத்திலும் மாடு இருக்கிறது, கவனித்தீர்களா? இலத்தீன்காரன் களத்தில் மாடு துன்பத்தை இழுத்து வருகிறது, மனுஷன் அடியில் கதிராகக் கிடக்கிறான். அங்கே அவன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, உதிர்வதைத் தவிர. வள்ளுவரிடம் மனுஷன்தான் மாடு. பாரம் பின்னால் வருகிறது. அதனால் ட்ரிபியுலேஷனை ‘இடுக்கண்’ என்று மொழிபெயர்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு உறுத்தல். பொருள் சரி, நிற்கிற இடம் வேறு. ட்ரிபியுலேஷனில் ஆள் படுகிறான். பட்டதைச் சொல்லத்தான் அந்தச் சொல், எழுந்ததைச் சொல்ல அல்ல. ஒருவர் போராடி மேலே வந்த கதையை எழுதுகிறீர்கள் என்றால் அதோடு ‘எண்ட்யூர்’, ‘ஓவர்கம்’ மாதிரி ஒரு வினையைச் சேர்த்தாக வேண்டும். தனியாக விட்டால் சொல் அவரைக் களத்திலேயே போட்டுவிடும்.

அப்படியானால் எந்த வினையோடு சேரும்?

சஃபர், எண்ட்யூர், ஃபேஸ், அண்டர்கோ, கோ த்ரூ. ‘டூ’, ‘மேக்’ சேராது. ‘இன் டைம்ஸ் ஆஃப் ட்ரிபியுலேஷன்’ என்றும் வரும். ஒருமையில் பொதுவான துன்பம், பன்மையில் ஒவ்வொன்றாக வந்த துன்பங்கள். ‘ட்ரிபியுலேட்’ என்று வினைச்சொல்லாக எழுதாதீர்கள், கேட்பவர் முகத்தைச் சுளிப்பார்.

லீவ் லெட்டரில் போடலாமா?

வேண்டாம். ‘ட்யூ டு மெனி ட்ரிபியுலேஷன்ஸ்’ என்று எழுதி ஒரு பையன் அவன் வேலை செய்கிற கம்பெனியில் கொடுத்தான். விஷயம் வெறும் காய்ச்சல். மேனேஜர் பயந்துபோய் வீட்டுக்கே போன் பண்ணிவிட்டார். காய்ச்சலுக்குக் காய்ச்சல் என்று எழுதுங்கள். வேலைக்கான விண்ணப்பத்தில் குடும்பக் கஷ்டத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் ‘ஃபைனான்ஷியல் டிஃபிகல்ட்டீஸ்’ போதும்.

கேலியாகப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. பெரிய சொல்லைச் சின்ன விஷயத்துக்குப் போட்டுச் சிரிப்பது எல்லா மொழியிலும் உண்டு. மே மாசத்து வேலூர் வெயிலில் கரண்ட் போன மத்தியானத்தைப் பற்றி ‘தி ட்ரையல்ஸ் அண்ட் ட்ரிபியுலேஷன்ஸ் ஆஃப் எ சீலிங் ஃபேன்’ என்று ஒருத்தி கட்டுரை எழுதினாள். முழு மார்க் போட்டேன். ஆனால் துக்க வீட்டுக்கு அனுப்புகிற கடிதத்தில் அந்த வேலை வேண்டாம். சேர்த்து வருகிற ஜோடிக்கு இப்போது லேசான கிண்டல் வாடை ஏறிவிட்டது. உண்மையான துயரத்துக்கு ‘சாரோ’, ‘கிரீஃப்’ போன்ற சின்னச் சொற்களே கௌரவம்.

ட்ரிபியூனல், ட்ரிபியூட், ட்ரைப், இவையெல்லாம் சொந்தமா?

இல்லை. எழுத்து ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். உண்மையான சொந்தக்காரர்கள் வேறு முகத்தோடு இருக்கிறார்கள். ‘தேய்’ என்கிற இலத்தீன் வேரிலிருந்து வந்தவை அவை: தேய்ந்துபோன பேச்சுக்கு ‘ட்ரைட்’, தேய்ந்து குறைவதற்கு ‘அட்ரிஷன்’, கேடு என்பதற்கு ‘டெட்ரிமென்ட்’, செய்த தப்பை எண்ணி நொறுங்கிப்போன மனசுக்கு ‘கன்ட்ரைட்’. ஐந்தையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மறந்தாலும் மற்றது இழுத்துக்கொண்டு வரும்.

ரோதனை, பேஜாரு, இம்சை. இதற்கெல்லாம் ட்ரிபியுலேஷன் போடலாமா?

எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘ஒரே ரோதனையா போச்சு’ என்றால் நச்சரிப்பு. சமஸ்கிருதத்தில் அழுகை என்று பொருள் தந்த சொல், இங்கே வந்து எரிச்சலாக மாறிவிட்டது. ஆங்கிலத்தில் ‘வாட் எ பாதர்’ மாதிரி ஏதாவது. ‘பேஜாரு’ பாரசீகத்துச் சரக்கு, உருது வழியாக வந்தது, வெறுத்துப்போன நிலை. ‘ஐ ஆம் ஃபெட் அப்’ என்றால் அது. இம்சை ‘டார்ச்சர்’. நாமே அதை இப்போது ‘டார்ச்சர் பண்றான்’ என்றுதான் சொல்கிறோம், மொழிபெயர்க்க வேலையே மிச்சமில்லை.

எதற்கும் ட்ரிபியுலேஷன் போடாதீர்கள். ‘படாத பாடு’ மட்டும்தான் அந்த உயரத்துக்கு ஏறும்.

ஒரு மார்க் கேள்வியில் இணைச்சொல் கேட்டால்?

‘சஃபரிங்’ அல்லது ‘அஃப்ளிக்‌ஷன்’. இரண்டும் கொடுத்திருந்தால் அஃப்ளிக்‌ஷன்தான் கிட்டே. எதிர்ச்சொல்லுக்கு ‘ஜாய்’, ‘ஹாப்பினஸ்’ இரண்டில் எது கொடுத்திருக்கிறார்களோ அது. ‘ட்ரையம்ஃப்’ என்று ஒரு விடை பக்கத்திலேயே உட்கார்ந்து உங்களைக் கூப்பிடும். போகாதீர்கள், அதற்கு எதிர்ச்சொல் தோல்வி.